சுண்டல் தண்ணீரில் கிரீம்

எங்கள் கல்கத்தாக் குடியிருப்பில் துர்கா பூஜை தொடங்குவது லிஃப்டுக்கு அருகே ஒட்டப்படும் ஒரு காகிதத்தில். பஞ்சமி மாலை ஆனந்த மேளா நடக்கும். குடியிருப்புப் பெண்களும் சில ஆண்களும் வீட்டில் செய்த பண்டங்களைப் பந்தலுக்கு முன்னால் மேஜை போட்டு விற்பார்கள். வாங்குகிறவர்களும் அதே குடியிருப்புக்காரர்கள்தான். யார் எதை விற்கப்போகிறார்கள் என்று கலாசாரச் செயலாளர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி அந்தக் காகிதத்தை ஒட்டுவார். மீன் சாப் எனும் மீன் கட்லெட், கீமா கச்சோரி, பால் பாயசமான பாயேஷ் என்று போகும் பட்டியலில் எங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே பதினோரு ஆண்டுகளாக ஒரே சொல்தான் இருந்தது: இட்லி. கடைசி நான்கைந்து ஆண்டுகளாக அவர் எங்கள் வீட்டு மணியை அடிப்பதுகூட இல்லை. தானே எழுதிக்கொள்வார்.

என் மனைவி பிறந்தது பவானிபூரில். அவள் குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆகின்றன. படித்தது, ஆட்டோக்காரரிடம் சண்டை போடுவது, தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துத் திட்டுவது எல்லாம் வங்காளத்தில். தூக்கத்தில் உளறுவதும் வங்காளத்தில்தான் என்பதற்கு நானே சாட்சி. திருநெல்வேலியிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் செய்தி மேஜைக்கு வேலைக்கு வந்தவன் நான்தான். ஆனாலும் டாலிகஞ்சில் இந்த எழுபது சொச்சம் வீடுகளுக்கு அவள் 'சவுத் இந்தியன் பௌதி'. தெற்கத்தி அண்ணி. ஒவ்வொரு பஞ்சமியும் யாராவது ஒருவர் இட்லியை விண்டு வாயில் போட்டுக்கொண்டு, "இதெல்லாம் கத்துக்கிட்டு வராது பௌதி, உங்க ரத்தத்திலேயே இருக்கு" என்பார். அவள் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து இட்லிக் கொப்பரையைச் சத்தமாகக் கழுவுவாள்.

இந்த ஆண்டு செயலாளரை அவள் படிக்கட்டிலேயே மறித்தாள். செயலாளர் இரண்டாவது மாடிக்காரர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பேனாவை மூடியோடு காதில் செருகியிருப்பார்.

"உனக்கு இட்லிதானே, எழுதியாச்சு."

"அடிச்சிடுங்க. இந்த வருஷம் இனிப்பு. பழம் போட்ட கிரீம்."

"நீதான் பாலைத் தொடக் கூடாதே?"

உண்மைதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் அவளுக்குப் பாலை நிறுத்திவிட்டார். பால், தயிர், வெண்ணெய், சந்தேஷ், மிஷ்டி தோய் என்ற வங்காளப் பால் இனிப்புகள் எதுவும் கூடாது. கல்கத்தாவில் இப்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது நாடு கடத்துவதற்குச் சமம்.

"அதனாலதான். பாலில்லாத கிரீம். நானே ருசி பார்க்க முடியாததை நான் எப்படி விக்கறது?"

செயலாளர் காதிலிருந்து பேனாவை உருவினார். பிறகு எழுதினார். மறுநாள் காகிதம் ஒட்டப்பட்டபோது எங்கள் எண்ணுக்கு எதிரே வங்காளத்தில் இப்படி இருந்தது: கிரீம் (முடியாவிட்டால் இட்லி).

அடைப்புக்குறிகளை ஆயிரக்கணக்கில் வெட்டியும் ஒட்டியும் பிழைத்தவன் நான். ஒரு வாக்கியத்தில் எழுதியவர் உண்மையில் நம்புவது பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள்தான் இருக்கும். என் மனைவி அந்தக் காகிதத்துக்கு முன்னால் நின்றாள். லிஃப்ட் இரண்டு முறை வந்து போயிற்று. "தூர்!" என்றாள். சலிப்புக்கு வங்காளத்தில் அதைவிடச் சிறிய சொல் கிடையாது. படியேறியே வந்தாள்.

முதலில் கடையில் கிடைக்கும் பெட்டிக் கிரீமைப் பார்த்தோம். முகப்பில் பெரிய எழுத்தில் பால் சேராதது என்று போட்டிருந்தது. பின்புறம், மடிப்புக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில் பால் புரதம் என்று இருந்தது. தலைப்பு ஒன்று, செய்தி வேறு. எனக்குப் பழகிய விஷயம்தான். பெட்டியை அது இருந்த இடத்திலேயே வைத்தோம்.

அடுத்து தேங்காய்ப்பால். முதல் பாலை எடுத்துக் குளிரவைத்து, மேலே கட்டிய பகுதியை மட்டும் வழித்து அடித்தாள். குளிர்ப்பெட்டிக்குள் இருந்தவரை நன்றாக இருந்தது. மேஜைமேல் வைத்து மின்விசிறியைப் போட்டோம். பதினெட்டாவது நிமிடத்தில் அது கிண்ணத்தின் ஓரமாக ஒதுங்கி, இருபத்திரண்டாவதில் அவியலுக்கு ஊற்றலாம் என்ற நிலைக்கு வந்தது. பந்தல் வெளியே, புழுக்கத்தில், விளக்குகளுக்கு நடுவில். தேங்காய் விலகிக்கொண்டது.

மூன்றாவது வழி அவள் அண்ணன் மகளின் கைப்பேசியிலிருந்து வந்தது. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்தால் கிரீம் வரும் என்று அந்தப் பெண் ஒரு காணொளியை அனுப்பியிருந்தாள். இருவரும் அதை இரண்டு முறை பார்த்தோம். இரண்டு முறையும் நம்பவில்லை. ஆனால் வீட்டில் கொண்டைக்கடலை இருந்தது.

வெள்ளைக் கடலையை இரவெல்லாம் ஊறவைத்து, வேகவைத்து, வடித்த தண்ணீரைப் பாதியாக வற்றவைத்தாள். ஆறியபின் அது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று இருந்தது. அதில் நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு மின்சாரக் கடைப்பானை ஓடவிட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது நிமிடத்தில் சோப்பு நுரை. ஐந்தாவதில் வெள்ளை. பொடித்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சேர்க்க, ஒன்பதாவதில் பாத்திரம் நிறைய மேடும் பள்ளமுமாக, கத்தியால் வெட்டலாம் போலக் கிரீம். ஒரு மூடி வெனிலா விட்டதும் கடலை வாசனையும் போய்விட்டது. நான் நாளிதழை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது தலைக்கு மேல் ஏதோ நிழல் தட்டியது. நிமிர்ந்தால், கிரீம் இருந்த பாத்திரத்தை என் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"விழலை பாருங்க."

"விழுந்திருந்தா?"

"வழுக்கைதானே. துடைச்சுக்கலாம்."

பிறகு அவள் நின்றபடியே ஏழு கரண்டி சாப்பிட்டாள். நான் எண்ணினேன். சொல்லவில்லை.

ஒத்திகை முடிந்தது, வேலை முடிந்தது என்று நினைத்தோம். அந்த வாரம் என் அக்கா பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கினாள்.

கல்கத்தா பூஜையை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று அக்காவுக்குப் பல ஆண்டு ஆசை. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியைத் திறப்பதற்கு முன் அந்த வீட்டு அடுக்களையைத் திறந்துவிடுவாள். நவராத்திரி வேறு. தினமும் மாலை சுண்டல் வேண்டும். இது என் மனைவிக்கும் வசதியாகத்தான் பட்டது. கடலை அக்காவுக்கு, தண்ணீர் தனக்கு.

சதுர்த்தி அன்று காலை, மறுநாளைக்கான தண்ணீரை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடலாம் என்று என் மனைவி ஏற்பாடு செய்தாள்.

"மதினி, கடலை வெந்ததும் தண்ணியைக் கொட்டிடாதீங்க."

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடல வேகவச்ச தண்ணியக் கொட்டுத குடும்பமாட்டி நாங்க? அதுலதான் சத்தே இருக்கு."

தண்ணீரை வடித்து, வற்றவைத்து, தூக்குவாளியில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு என் மனைவி ஜாதவ்பூரில் ஒரு சிநேகிதி வீட்டுக்குக் கிண்ணங்கள் வாங்கிவரப் போனாள். மதியம் அக்கா எனக்குச் சோறு போட்டாள். ரசம் அன்று வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. கெட்டியாக, நாக்கில் நிற்கிற மாதிரி. மறுபடியும் கேட்டு வாங்கி, கடைசியில் தம்ளரிலும் ஊற்றிக் குடித்தேன். பிறகு நடந்தவற்றில் என் பங்கை மறைப்பதற்கில்லை.

நான்கு மணிக்கு என் மனைவி குளிர்ப்பெட்டியைத் திறந்தாள்.

"மதினி, தூக்குவாளி?"

"கழுவிக் கவுத்திருக்கேன் பாரு."

"அதுல இருந்த தண்ணி?"

"ரசம் வச்சேன். ஒன் வீட்டுக்காரன் மூணு தடவ வாங்கிக் குடிச்சான். கேளு அவன்ட்ட."

என் மனைவி என்னைப் பார்த்தாள். செய்தி மேஜையில் இதைவிடச் சின்னப் பார்வைகளுக்கு ஆட்கள் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். நான் சொன்னேன், "எனக்குத் தெரியாது. நல்லா இருந்தது."

"நல்லாத்தான் இருக்கும். நாப்பது கிண்ணத்தோட கிரீம் அது."

விஷயத்தை அக்காவுக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. கடலைத் தண்ணீரை அடித்தால் கேக்குமேல் பூசுகிற கிரீம் வரும் என்பதை அவள் ஏற்கவில்லை. ஆனால் அது தன் நாத்தனார் அதிகாரத்துக்கு வெளியே உள்ள தண்ணீர் என்பதை ஏற்றாள். தப்பு செய்துவிட்டோம் என்று அவளுக்கு வருத்தம்தான். "நாளைக்கு நானே வேகவச்சுத் தாரேன். ஒரு குறை வராது" என்றாள். அன்று இரவே ஒரு கிலோ கடலையை ஊறப்போட்டதும் அவள்தான்.

பஞ்சமி காலை என் மனைவி பழம் வாங்கப் போனாள். போவதற்கு முன் சொல்லிவிட்டுப் போனாள்: உப்பு வேண்டாம், சோடா வேண்டாம், ரசம் வேண்டவே வேண்டாம். அக்கா மூன்றுக்கும் தலையாட்டினாள். திரும்பி வந்தபோது தண்ணீர் வடித்து, வற்றி, ஆறி, அகலமான பாத்திரத்தில் குளிர்ப்பெட்டியில் தயாராக இருந்தது. சொன்ன மூன்றையும் அக்கா அப்படியே கடைப்பிடித்திருந்தாள்.

மேளா ஆறு மணிக்கு. இரண்டு மணிக்குக் கடைப்பானைப் போட்டாள். ஐந்து நிமிடம். மேலே கொஞ்சம் குமிழி. பத்து நிமிடம். அதே குமிழி. கடைப்பானை நிறுத்தினால் அந்தக் குமிழியும் போயிற்று. பாத்திரத்தை மாற்றினாள். எலுமிச்சையால் பாத்திரத்தைத் துடைத்தாள். பனிக்கட்டிமேல் வைத்து அடித்தாள். இருபதாவது நிமிடத்தில் கடைப்பான் சூடேறி, எரிந்த வாசனை வந்தது. பாத்திரத்தில் இருந்தது பாத்திரம் கழுவிய தண்ணீரைப் போலவே இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். பிழை திருத்துகிறவனுக்குக் கண் ஒரு இடத்தில் தானாக நிற்கும். தண்ணீரின் மேல், ஓரமாக, கடுகளவு கடுகளவாகப் பொன்னிற வட்டங்கள் மிதந்துகொண்டிருந்தன.

"அக்கா, இதுல எண்ணெய் விட்டியா?"

"ஒரு கரண்டி. நல்லெண்ணெய்."

"எதுக்கு?"

"எதுக்கா? குக்கர்ல கடல போட்டா நுரைச்சுப் பொங்கி விசில் வழியா வழியாதா? அடுப்பெல்லாம் நாறிப் போயிரும்லா. நுரைக்காம இருக்கத்தான் எண்ணெய் விட்டேன்."

என் மனைவி கடைப்பானைக் கீழே வைத்தாள். "நுரைக்காம இருக்கவா?"

"ஆமா."

"மதினி, எனக்கு வேண்டியதே அந்த நுரைதான்."

அக்கா அவளையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதென்ன கூத்து. நுரைய அடக்கத் தெரியாதவள எங்க ஊர்ல அடுக்களைக்குள்ள விடமாட்டாங்கட்டி. பருப்பா, ஒரு சொட்டு எண்ணெய். கடலையா, ஒரு கரண்டி. அம்பது வருஷமா கை அதுவா போய் ஊத்தும். நீ உப்பச் சொன்ன, சோடாவச் சொன்ன. எண்ணெயச் சொல்லலியே?"

அவள் சொன்னது சரி. அறிவுறுத்தலில் எண்ணெய் இடம்பெறவில்லை. எங்கள் வீடுகளில் எண்ணெய் விடுவது ஒரு செயலாகவே கருதப்படுவதில்லை. அது குக்கரை மூடுவதைப் போல. நுரை என்பது வழித்து எறியப்படுவதற்கு, எண்ணெயால் அடக்கப்படுவதற்கு என்றே எழுதிவைத்த சமையல் எங்களுடையது. அந்தச் சமையலில் போய் நுரையை வளர்க்கப் பார்த்தால் கை கேட்காது.

"வேற என்ன போட்டீங்க?" என்றாள் என் மனைவி.

அக்கா கொஞ்சம் தயங்கினாள். "காயம். ஒரு துளி. வாயுல்லா கடல."

என் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணி இரண்டு நாற்பது. "சரி" என்றாள். "இட்லிப் பாத்திரத்தை எடுங்க." அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பேருந்தில் நிற்பவர்கள் ஸ்டாப் வந்ததும் இறங்குவதைப் போலச் சொன்னாள்.

அக்காவுக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. "கடல மிச்சம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. ஊற எட்டு மணி நேரம் ஆகும்."

"யார் சொன்னா? ஹாட்பேக்ல போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்தி மூடு. ஒரு மணி நேரத்துல ஊறும். திடீர்னு ஆள் வந்து நின்னா நாங்க என்ன செய்வோம்னு நெனச்ச?"

அதன் பிறகு அந்த அடுக்களையில் நடந்தது எனக்குப் பழக்கமான ஒன்று: பதிப்பு அச்சுக்குப் போகும் நேரத்தில் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகச் செய்வது. இரண்டு ஐம்பதுக்குக் கடலை ஹாட்பேக்கில் போயிற்று. மூன்று ஐம்பதுக்கு, சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிய குக்கரில் ஏறியது. அக்காவை என் மனைவி அடுப்புக்கு மூன்றடி தள்ளி நிறுத்தினாள். எண்ணெய்ப் புட்டியை என் கையில் கொடுத்து வெளியே போகச் சொன்னாள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். குக்கர் நுரைத்துப் பொங்கி விசில் வழியாக வழிந்து அடுப்பெல்லாம் ஓடியது. "பாத்தியா, பாத்தியா" என்று அக்கா உள்ளேயிருந்து கூவினாள். என் மனைவி சந்தோஷமாக, "வழியட்டும் மதினி, வழியட்டும்" என்றாள்.

ஐந்து இருபதுக்குத் தண்ணீர் ஆறியது. ஐந்து இருபத்தொன்பதுக்குக் கிரீம் நின்றது. இந்த முறை பாத்திரத்தை யார் தலைக்கு மேலும் கவிழ்க்கவில்லை, நேரமில்லை.

ஒரு தகராறு மிச்சமிருந்தது. ஒவ்வொரு மேஜைக்கும் பண்டத்தின் பெயர் எழுதிய அட்டை ஒன்று வேண்டும். எழுதுவது என் வேலை.

"எதுல செஞ்சதுன்னு போடணும்" என்றேன்.

"கடலைத் தண்ணின்னு போட்டா ஒருத்தர் கிட்ட வரமாட்டாங்க. பாலில்லாத கிரீம்னு மட்டும் போடுங்க."

"வாங்கறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"முப்பது வருஷம் பேப்பர்ல இருந்தீங்களே, தெரிஞ்சதை எல்லாம் போட்டீங்களா?"

"இடமில்லாதப்போ விட்டிருக்கோம்."

அவள் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அது கைக்குட்டையில் கால் பங்கு. "இதுலயும் இடமில்லை" என்றாள்.

மேளாவில் எங்களுக்கு மீன் சாப்புக்கும் பாயேஷுக்கும் நடுவில் மேஜை. நாற்பது கிண்ணங்களில் வாழைப்பழம், மாதுளை, ஆப்பிள். பனிக்கட்டிமேல் கிரீம் பாத்திரம். யாராவது கேட்கும்போது மட்டும் மேலே ஒரு கரண்டி வைத்துக் கொடுப்பது என்று ஏற்பாடு, ஏனென்றால் ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றால் அந்தக் கிரீம் அடியில் தண்ணீர் விடும். மேஜைக்கடியில் பெரிய அடுக்குப் பாத்திரம் ஒன்று இருந்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. இரண்டு தடவையாக வேகவைத்த கடலை முழுவதையும் அக்கா தாளித்து, தேங்காய் துருவிப்போட்டு, கொண்டுவந்திருந்தாள்.

"மதினி, இதை விக்கக் கூடாது. இங்க இன்னிக்கு நான் சவுத் இந்தியன் எதுவும் விக்கறதில்லை."

"நவராத்திரிச் சுண்டல யாராவது விப்பாங்களாட்டி? பாவம் பிடிச்சுக்கும். சும்மா குடுக்கத்தான்."

என் மனைவி அடுக்குப் பாத்திரத்தை மேஜைக்கடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

முதல் அரை மணி நேரம் வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: "இட்லி எங்கே?" இல்லை என்றதும் முகம் வாடியது. சிலர் மரியாதைக்கு ஒரு கிண்ணம் வாங்கினார்கள். கிண்ணம் வாங்கிய ஒவ்வொருவர் கையிலும் அக்கா ஒரு பிடி சுண்டலைத் திணித்தாள். திணித்துக்கொண்டே, தனக்குத் தெரிந்த ஒரே மொழியில், விற்பனைக்கான விளக்கத்தையும் சொன்னாள்:

"சாப்புடுங்க தம்பி. இந்தா இருக்குல்லா வெள்ளையா, அது இந்தச் சுண்டல் தண்ணிதான். கடல வெந்த தண்ணி. பால் கிடையாது, முட்ட கிடையாது. நானே நம்பல மொதல்ல."

எல்லாரும் புன்னகைத்துத் தலையாட்டிப் போனார்கள். அட்டையில் நாங்கள் விட்டதை அக்கா வாய்மொழியாக, ஒருவர் பாக்கியில்லாமல் அறிவித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு கிண்ணங்கள் போயிருந்தன. கலாசாரச் செயலாளர் வந்தார். ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடித் திறந்தார். இரண்டாவது வாய் எடுத்தார்.

அக்கா அவர் கையிலும் சுண்டலைக் கொடுத்து, கடலையைக் காட்டி, கிரீமைக் காட்டி, மறுபடி கடலையைக் காட்டி, முழு விளக்கத்தையும் சொன்னாள்.

"உன் நாத்தனார் என்ன சொல்றாங்க?" என்று செயலாளர் என் மனைவியிடம் கேட்டார்.

இதற்கு எத்தனையோ பதில்கள் இருந்தன. வாழ்த்துச் சொல்கிறார் என்று சொல்லியிருக்கலாம். பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். என் மனைவி ஒரு முறை என் பக்கம் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, ஒரு சொல் விடாமல், நானே நம்பவில்லை முதலில் என்பது வரை, வங்காளத்தில் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

பின்னால் நின்றவர்களில் முதலில் பேசியவர் ஏ பிளாக் தாதா, நம் ஊர் அண்ணாச்சி மாதிரி; வருமான வரி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர், வயிற்றைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசாதவர். "கடலைத் தண்ணியா? கேஸ் வருமே!" என்றார்.

கல்கத்தாவில் ஒரு கூட்டத்தைக் கலைக்கவும் கூட்டவும் அந்த ஒரு சொல் போதும். கேஸ் கடலையின் தோலில் இருக்கிறதா, தண்ணீரில் இருக்கிறதா என்று விவாதம் தொடங்கியது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் கேஸ் போய்விடும் என்றார் ஒருவர். அது ராஜ்மாவுக்குத்தான் என்றார் இன்னொருவர். சர்க்கரை சேர்ந்தால் அம்பல், அதாவது புளியேப்பம், நிச்சயம் என்று ஒரு பெண்மணி தன் மைத்துனரை உதாரணம் காட்டினார். ஒருவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று கையில் வைத்துக்கொண்டார். எல்லார் கண்ணும் கிரீமின்மேல்தான். யாரும் விலகிப் போகவில்லை; யாரும் வாங்கவும் இல்லை.

நான் பாத்திரத்தைப் பார்த்தேன். ஓரத்தில் தண்ணீர் விடத் தொடங்கியிருந்தது. என் மனைவியும் பார்த்துவிட்டாள். "இன்னும் இருபது நிமிஷம்தான் நிக்கும்" என்று என்னிடம் தமிழில் சொன்னாள்.

செயலாளர் இதற்குள் கிண்ணத்தை வழித்து முடித்திருந்தார். காதிலிருந்து பேனாவை எடுத்து ஏ பிளாக் தாதாவை நோக்கி நீட்டினார். வகுப்பறையில் அப்படித்தான் நீட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

"தாதா, இதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு மீன் சாப்."

"அதுக்கு முன்னாடி?"

"கீமா கச்சோரி."

"அதுல வராத கேஸா இதுல வரப்போகுது? கேஸ் வரக்கூடாதுன்னா பூஜையில எதுக்கு வீட்டை விட்டு வெளியே வர்றீங்க?" பிறகு என் மனைவியிடம், "எனக்கு இன்னொண்ணு கொடு. கிரீம் கூட வை" என்றார்.

தாதா இதை ஒரு கணம் பரிசீலித்தார். வாதத்தில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி, ரெண்டு" என்றார்.

அதன் பிறகு கரண்டிக்குத்தான் ஓய்வில்லை. அக்கா கடலையைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். விளக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டாள், எல்லாருக்கும் தெரிந்துபோனதால் அதில் சுவாரசியம் இல்லை என்று. கடைசிக் கிண்ணம் ஏழு பத்துக்குப் போயிற்று. பாத்திரத்தின் அடியில் மூன்று விரல் உயரத்துக்குச் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் நின்றது. மனைவியின் இரண்டு முழங்கைகளிலும் கிரீம் காய்ந்திருந்தது.

அப்போதுதான் சி பிளாக்கிலிருந்து ஒரு இளைஞர், மனைவியும் குழந்தையுமாக வேர்க்க விறுவிறுக்க வந்தார். வேலை முடிந்து நேரே வருகிறாராம்.

"பௌதி, இட்லி தீர்ந்துடுச்சா?"

"இந்த வருஷம் போடலை."

"போடலையா?" அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "வருஷத்துக்கு ஒரு தடவை அசல் இட்லி. உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும் பௌதி? எங்க போய்ச் சாப்பிடறது இனி?"

என் மனைவி துணியால் முழங்கையைத் துடைத்தாள். மிகச் சாதாரணமாக, பவானிபூர்க்காரர்கள் வழி சொல்வதைப் போல, சொன்னாள்: "லேக் மார்க்கெட்டுக்குப் போங்க. பின்பக்கச் சந்துல, பூக்கடையைத் தாண்டி மூணாவது கடை. வாளியில மாவு வச்சு விப்பாங்க. காலையில பத்து மணிக்குள்ள போனா நல்லா இருக்கும். பதினோரு வருஷமா நீங்க சாப்பிட்டது அதுதான். ஊத்தி வேகவச்சதுதான் நான்."

சுற்றி நின்றவர்கள் இன்னும் கிட்டே வந்தார்கள். செயலாளர் பேனாவைக் காதில் செருக எடுத்த கை அப்படியே நின்றது. சி பிளாக் இளைஞர் மட்டும் பதறாமல் கைப்பேசியை எடுத்து, "பூக்கடைக்கு அப்புறம் மூணாவதா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்த வாளியைப் பதினோரு பஞ்சமிகள் ஆட்டோவில் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தவன் நான். சொல்ல எனக்கு உத்தரவு இருந்ததில்லை.

"என்னலே சொன்னா? எல்லாரும் இப்பிடி முழிக்காங்க?" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

சொன்னேன்.

அக்கா என் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். எண்ணெய் விட்டதற்கும் காயம் போட்டதற்கும் ரசம் வைத்ததற்கும் சேர்த்து அன்று அவள் பட்ட வெட்கமெல்லாம் முகத்திலிருந்து இறங்கிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"கடை மாவாட்டி?" என்றாள். "இட்லிக்கு?"

"ஆமா மதினி" என்றாள் என் மனைவி. அடுக்குப் பாத்திரத்தில் மிஞ்சியிருந்த சுண்டலை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

தசமி வரை அக்கா அந்தக் கடை மாவைப் பற்றித்தான் பேசினாள்.